எடை 108 கிலோ: எத்தனை அடி சர்ஃப் பலகை வாங்குவது?

பெருங்குடி சரவணன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வயது 37, உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 108 கிலோ. சில மாதங்களாக வார இறுதிகளில் கோவளம் போய் அலைச்சறுக்கு கற்றுவருகிறேன். கரையை நோக்கி வரும் நுரையில் எழுந்து நிற்க வருகிறது. உடையாத அலையைப் பிடிக்க மட்டும் இன்னும் கைகூடவில்லை. பலகையில் படுத்து இரு கைகளாலும் எவ்வளவு துழாவினாலும் அலை எனக்கு அடியில் புகுந்து போய்விடுகிறது.

இனி சொந்தமாக ஒரு பலகை வாங்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். குழப்பம் நீளத்தில்தான். நான் விசாரித்த கடையில், "உங்கள் உயரத்தைவிட இரண்டடி கூடுதலாக இருந்தால் போதும், 8 அடி எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். நண்பர் ஒருவர் 10 அடிக்குக் குறைந்து வாங்கவே கூடாது என்கிறார். இணையத்தில் கிடைக்கும் எடை அட்டவணைகளில் பெரும்பாலானவை 95 கிலோவோடு நின்றுவிடுகின்றன. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியைக் கரையில் நின்று பார்த்தேன். ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்ற போட்டி அது. அங்கே எல்லோரும் ஆறடிக்கும் குறைவான பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்குள் ஓடினார்கள். அவர்களோடு என்னை ஒப்பிடவில்லை. ஆனால் நீளம் என்பது உயரத்தைப் பொறுத்ததா, எடையைப் பொறுத்ததா, அனுபவத்தைப் பொறுத்ததா என்று யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று, எங்கள் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது.

திருவான்மியூர் அகிலா எழுதியது:

சரவணன், கடையில் அடுத்த முறை "எத்தனை அடி" என்று தொடங்காதீர்கள். "எத்தனை லிட்டர்" என்று கேளுங்கள். நான் 94 கிலோ. ஆரம்பத்திலிருந்தே கனமான உடம்போடுதான் கடலில் இறங்கிவருகிறேன். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாத இடத்தில் நான் பணம் கொடுப்பதில்லை.

காரணம் எளிது. ஒரு பலகை எவ்வளவு நீரை விலக்குகிறதோ அவ்வளவு எடையைத் தாங்கும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, கடல் நீரில் உப்பு இருப்பதால் இம்மியளவு கூடுதல். அந்தக் கொள்ளளவு நீளத்தில் மட்டும் இல்லை. அகலத்திலும் தடிமனிலும் இருக்கிறது. பலகையின் அடிப்பக்கத்தில், நடு மரக்கீற்றை (உறுதிக்காக உள்ளே நீளவாக்கில் வைக்கும் மெல்லிய மரப்பட்டை) ஒட்டியோ வால் பக்கத்திலோ மூன்று எண்கள் எழுதியிருப்பார்கள். லிட்டரும் எழுதியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீங்களே கணக்குப் போடலாம்.

9 அடி நீளம், 22½ அங்குல அகலம், 3 அங்குலத் தடிமன் உள்ள ஒரு கடினப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டரில் 274, 57, 7.6. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சுமார் 119 லிட்டர் வரும். ஆனால் பலகை செங்கல் அல்லவே, முனையும் வாலும் குறுகி, ஓரங்கள் மெலிந்து போகின்றன. அதனால் அதில் பத்தில் ஆறு பங்கு என்று வைத்துக்கொண்டால் 71 லிட்டர். இப்போது அதே 9 அடியில் 24 அங்குல அகலம், 3½ அங்குலத் தடிமன் உள்ள சாஃப்ட் டாப், அதாவது மேல்தோல் மெத்தென்று இருக்கும் நுரைப் பலகை. 274, 61, 8.9. பெருக்கினால் 149 லிட்டர். சாஃப்ட் டாப்பின் ஓரங்கள் பருத்திருக்கும் என்பதால் இதற்கு 0.65 போடலாம். 97 லிட்டர் வருகிறது. இரண்டுமே 9 அடி. ஆனால் உங்களுக்கு முதலாவது முழங்கால் தண்ணீரிலேயே திணறும், இரண்டாவது அலை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். "9 அடி வாங்குங்கள்" என்று மொட்டையாகச் சொல்வதால் என்ன பயன்?

கற்றுக்கொள்ளும் நிலையில் உள்ளவருக்கு உடல் எடையில் 0.9 பங்கு லிட்டர் என்பது நான் நம்பும் கணக்கு. 108 கிலோவுக்கு 97. அதற்கு மேல் ஐந்து லிட்டர் கூடினாலும் கெடுதல் இல்லை. 90க்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். 97 லிட்டர் எப்படி 108 கிலோவைத் தாங்கும் என்று கேட்பீர்கள். படுத்துத் துழாவும்போது உங்கள் கால்களும் வயிற்றின் ஒரு பகுதியும் தண்ணீரில்தான் இருக்கும், அந்தப் பங்கைக் கடலே சுமந்துகொள்ளும். எழுந்து நின்ற பிறகு பலகையின் வேகம் தாங்கும். நீங்கள் மாமல்லபுரத்தில் பார்த்தவர்களின் பலகைகள் 30 லிட்டரைக்கூடத் தொடாதவை. அவர்கள் முழுக்க முழுக்க வேகத்தின் மேல் நிற்கிறவர்கள். நமக்கு அந்த வேகம் வருவதற்கு முன்னால் துழாவுகிற அந்தச் சில விநாடிகள்தான் முக்கியம்.

அலை உங்கள் அடியில் புகுந்து போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் இதைக் கையில் வலு இல்லாததாக எடுத்துக்கொண்டு மனம் உடைந்துபோகிறார்கள். பெரும்பாலும் குறை பலகையில்தான். கொள்ளளவு போதாத பலகை, பாதி முங்கியபடியே நகரும். கழுத்துவரை சரக்கேற்றிய படகைத் தள்ளுவது போலத்தான் அது. அலையின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அடுத்த முறை நீங்கள் கற்கும் அலைச்சறுக்குப் பள்ளியின் பலகையை எடுத்துக்கொண்டு, அலை உடையும் இடத்தைத் தாண்டி அமைதியான நீரில் படுங்கள். கையை அசைக்காதீர்கள். பலகையின் முனை தண்ணீருக்கு மேலே இரண்டு மூன்று விரல் உயரத்தில் நிற்க வேண்டும். பிறகு உங்கள் விலாவுக்குப் பக்கத்தில் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் வெளியே தெரிந்தால் சரி. நீர் ஓரத்தைத் தாண்டி மேற்பரப்பில் ஏறி, மார்புக்கு அடியில் சளசளவென்று ஓடினால் அந்தப் பலகை உங்களுக்குப் பத்தாது. முனையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளினாலே முனை தூக்கிக்கொள்ளும், அப்போது வால் முங்கி இழுவையாகிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பலகையின் மூன்று எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

நீளத்துக்கு வருகிறேன். நீளம் வேண்டும், ஆனால் மிதப்பதற்காக அல்ல. நீண்ட பலகை துழாவும்போது நேராகவும் விரைவாகவும் ஓடும், அலை செங்குத்தாக நிமிர்வதற்கு முன்பே அதைப் பிடித்துவிடும். கனமான உடலுக்கு இந்த முன்னேற்பாடு பெரிய உதவி. 8 அடியிலும் 90 லிட்டரை அடைக்க முடியும். ஆனால் அதற்குத் தடிமனைக் கூட்டியாக வேண்டும். தடித்த பலகை நீருக்கு வெளியே நின்றுகொண்டு இப்படியும் அப்படியும் உருளும். அதே லிட்டரை நீளத்திலும் அகலத்திலும் பரப்பினால் பலகை அமைதியாகப் படுத்திருக்கும். 10 அடியைப் பற்றி: ஹவாயின் பழம்பெரும் அலைச்சறுக்கு வீரர் டியூக் கஹானமோகு 16 அடி நீளமும் 52 கிலோ எடையும் உள்ள மரப் பலகையில் சறுக்கினார் என்பது உண்மை. அது ஹவாயின் வைக்கிகி கடற்கரையின் நீண்ட, சாய்வான அலைகளுக்கு. கோவளத்துக் கடற்கரையில் அலை கரைக்கு அருகில் சட்டென்று கவிழ்கிறது. 10 அடிப் பலகையின் முனை அங்கே மணலில் குத்தும்.

ஆகவே 9 அடி, 23 முதல் 24 அங்குல அகலம், 3½ அங்குலத் தடிமன், சாஃப்ட் டாப். உள்ளே மரக்கீற்று ஒன்றுக்கு இரண்டாகவோ மூன்றாகவோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஒற்றைக் கீற்றுப் பலகை நம் எடைக்கு நடுவில் வளையும், ஒருநாள் மடிந்தும் போகும்.

ஈசிஆர் கார்த்திக் எழுதியது:

அகிலா சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் 108 கிலோ என்பது அதிகம். முதலில் 20 கிலோ குறைத்துவிட்டு வந்தால் 8 அடியே போதும், பணமும் மிச்சம். பலகையை உடம்புக்கு ஏற்ப மாற்றுவதைவிட உடம்பை மாற்றுவது நல்லது என்பது என் கருத்து.

திருவான்மியூர் அகிலா எழுதியது:

கார்த்திக், அவர் கேட்டது பலகையைப் பற்றி. உடம்பைப் பற்றி ஆலோசனை கேட்கவில்லை.

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். "எடையைக் குறைத்துவிட்டு வா" என்ற ஒரு வரியால் கடலுக்கு வராமலே நின்றுவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். எடை குறைந்த பிறகு நீச்சல், எடை குறைந்த பிறகு சைக்கிள், எடை குறைந்த பிறகு நல்ல உடுப்பு என்று எல்லாவற்றையும் ஒத்திப்போட்டே பாதி வாழ்க்கை போய்விடுகிறது. 108 கிலோவில் ஒருவர் விடியற்காலையில் எழுந்து, பெருங்குடியிலிருந்து கோவளம் வரை போய்க் கடலில் இறங்குகிறார். அவருக்குத் தேவை இன்றைய எடைக்கு ஏற்ற பலகை. நாளைக்கு எடை குறைந்தால் அதே பலகை இன்னும் சுலபமாக ஓடும், எதுவும் வீணாகப் போவதில்லை. எடை குறையும் என்று நம்பிச் சின்னப் பலகை வாங்கினால், அலையே கிடைக்காமல் சலித்து விட்டுவிடுவார்.

கோவளம் தேவா எழுதியது:

சரவணன் அண்ணா, வணக்கம். நான் கோவளம் குப்பத்துக்காரன், அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அகிலா அக்காவின் கணக்கு சரி. ஒரே ஒரு இடத்தில் நான் மாறுபடுகிறேன். உங்களுக்கு 9 அடி 6 அங்குலம் கிடைத்தால் அதையும் பாருங்கள். தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, காலையில் கரையிலிருந்து காற்று வீசும்போது பாறைப் பக்கம் அலை நீளமாக, ஒழுங்காக வரும். அங்கே அந்த ஆறு அங்குலம் உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் இன்னும் ஆறு மாதமாவது கடற்கரை அலையில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால் 9 அடியே வசதி.

பழைய பலகை கிடைத்தால் ஒதுக்காதீர்கள். பள்ளிகள் பருவம் முடிந்ததும் சிலவற்றை விற்கும். வாங்குவதற்கு முன் கையில் தூக்கிப் பாருங்கள். அதே அளவிலான இன்னொரு பலகையைவிடக் கனமாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். பிறகு செங்குத்தாக நிறுத்தி வைத்துவிட்டு, வால் பக்கத்துத் தையலில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். மேல்தோலைக் கட்டைவிரலால் வரிசையாக அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தால் தோல் நுரையை விட்டுப் பிரிந்திருக்கிறது. மார்பு படும் இடத்தில் அப்படி இருந்தால் வேண்டவே வேண்டாம்.

ஃபின் (வால் பக்கம் அடியில் இருக்கும் துடுப்பு) பற்றி யாரும் சொல்லவில்லை. சாஃப்ட் டாப்பில் ஃபின்னைப் பிடித்திருப்பது மேலிருந்து இறங்கும் திருகுகள். எடை கூடியவர்கள் நுரையில் நின்றபடியே மணல் வரை வந்துவிடுவார்கள், ஃபின் தரையில் தட்டித் திருகோடு பெயர்ந்துவிடும். இடுப்பளவு தண்ணீர் இருக்கும்போதே பலகையை விட்டுப் பின்புறமாகச் சாய்ந்து, உடம்பைப் பரப்பி விழுந்துவிடுங்கள். தலைகீழாகப் பாயக் கூடாது. இது ஃபின்னுக்காக மட்டும் சொல்லவில்லை அண்ணா, கழுத்துக்காகவும்தான்.

வாடைக்காற்று தொடங்கிவிட்டால், அதாவது அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை, புதுப் பலகையை எடுத்துக்கொண்டு தனியாக வந்துவிடாதீர்கள். கடல் கலங்கி, இழுவை வேறு மாதிரி இருக்கும். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ், கள்ளக்கடல் (தொலைவிலிருந்து வந்து திடீரென்று கரையேறும் பேரலை), உயர் அலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. எங்கள் ஊரில் படகு இறக்குகிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள், நீங்களும் பாருங்கள்.

பெருங்குடி சரவணன் எழுதியது:

அகிலா அக்கா, தேவா தம்பி, மிக்க நன்றி. இன்று காலை நீங்கள் சொன்ன சோதனையைச் செய்துபார்த்தேன். நான் வழக்கமாக எடுக்கும் பலகை 8 அடி, 22½ அங்குலம், 3 அங்குலம். படுத்ததும் ஓரம் முழுவதும் முங்கிவிட்டது, தண்ணீர் மார்புக்கு அடியில் ஓடியது. பயிற்சியாளரிடம் கேட்டு 9 அடி, 24 அங்குலப் பலகையை வாங்கிப் படுத்தேன். ஓரம் கண்ணுக்குத் தெரிந்தது. அதே பலகையில் ஓர் உடையாத அலை என்னைத் தூக்கிக்கொண்டு போனது. நிற்க முடியவில்லை, படுத்தபடியேதான் வந்தேன். ஆனால் அலை என்னை விட்டுவிட்டுப் போகவில்லை.

இரண்டு கேள்விகள். ஒன்று, 24 அங்குலப் பலகையைக் கக்கத்தில் இடுக்கினால் விரல்கள் அடுத்த ஓரத்துக்கு எட்டவில்லை. இரண்டு, எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் 9 அடி நுழையாது. பால்கனியில் வைத்தால் என்ன ஆகும்?

திருவான்மியூர் அகிலா எழுதியது:

அந்த ஓர் அலையைப் பற்றிப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் கைகள் நன்றாகவே இருக்கின்றன, பார்த்தீர்களா.

கக்கத்தில் இடுக்கவே வேண்டாம். தலையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, பலகையை அதன்மேல் நீளவாக்கில் ஏற்றி, இரண்டு கைகளாலும் ஓரங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். மணலில் நடக்க இதுதான் சுலபம். காற்று பலமாக இருந்தால் மட்டும் இன்னொருவர் வால் பக்கத்தைப் பிடிக்கட்டும்.

பால்கனி எந்தத் திசை பார்க்கிறது? மேற்கு என்றால் கூடவே கூடாது. சித்திரை வெயிலில் ஒரு பிற்பகல் போதும், மேல்தோல் கொப்புளித்துப் பிரிந்துவிடும். மூடிய காருக்குள் வைப்பது அதைவிட மோசம். காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு போகிறவர்கள்கூட, கோவளத்தில் இறங்கியதும் பலகையை நிழலுக்குக் கொண்டுபோய்விடுவதைப் பார்க்கலாம். நான்கு மாடி படியேற்றுவது முடியாத காரியம் அல்ல, ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் முனை சுவரில் இடிக்கும். வாரம் ஒரு முறைதான் போகிறீர்கள் என்றால், கோவளத்திலேயே மாத வாடகைக்குப் பலகையை வைத்துக்கொள்ள இடம் கேட்டுப் பாருங்கள். தேவா, உங்கள் பக்கம் அப்படி வசதி உண்டா?

எழுந்து நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பலகையில் அவசரம் தேவையில்லை. அலை உங்களைத் தூக்கிய பிறகும் இரண்டு முறை கூடுதலாகத் துழாவுங்கள், அதன்பின் கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி எழுங்கள். வயிறு குறுக்கே வருகிறது என்று முழங்காலில் நின்று எழும் பழக்கம் நம்மைப் போன்றவர்களுக்கு எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு காலை முதலில் பக்கவாட்டில் மடித்து வைத்து, அதன்மேல் எழுந்தால் வயிறு தடையாக இருக்காது. வீட்டில் பாய் விரித்துப் பழகுங்கள்.

கோவளம் தேவா எழுதியது:

உண்டு அக்கா. நிழலான கொட்டகை, படுக்கவைக்கத் தாங்கிகள் எல்லாம் இருக்கின்றன. அண்ணா, நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம். பலகை எங்கே வாங்கினாலும் பரவாயில்லை, எடுத்து வரும்போது எனக்கு ஒருமுறை காட்டுங்கள்.

பெருங்குடி சரவணன் எழுதியது:

வருகிறேன் தம்பி. ஒரு பள்ளியில் பழைய 9 அடி, 24 அங்குலம், 3½ அங்குலப் பலகை விலைக்கு இருக்கிறதாம். இரண்டு மரக்கீற்று. லீஷும் (பலகையைக் கணுக்காலோடு இணைக்கும் கயிறு) சேர்த்தே தருகிறார்கள். சனிக்கிழமை காலை பார்த்து முடிவு செய்கிறேன்.

திருவான்மியூர் அகிலா எழுதியது:

பலகை பழையதாக இருக்கலாம், லீஷ் பழையதாக இருக்கக் கூடாது. 9 அடி நீளம், 8 மில்லிமீட்டர் தடிமன், புதியதாக வாங்கிக்கொள்ளுங்கள். கணுக்கால் பட்டையில் வெல்க்ரோ இரண்டு சுற்று வருகிறதா என்று பாருங்கள். லீஷைப் பலகையோடு இணைக்கும் சின்னக் கயிற்றையும் மாற்றிவிடுங்கள், முதலில் அறுவது அதுதான். அந்தக் கயிறு வால் ஓரத்துக்கு வெளியே நீண்டு தொங்கினால், இழுபடும்போது பலகையின் ஓரத்தை அறுத்துவிடும். லீஷின் அகலப் பட்டை ஓரத்தின்மேல் படியும்படி கயிற்றைக் குட்டையாகக் கட்டுங்கள்.